உயிரணுவுக்குள் ஒரு வளையம்



அரிவாள்மனையில் மீன் ஆயும்போது விரலில் ஒரு கீறல் விழுகிறது. மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் வேலையைப் பார்க்கிறோம். ஒரு வாரத்தில் அவ்விடத்தைப் புதுத்தோல் மூடிவிடுகிறது. அந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. பக்கத்திலிருந்த உயிரணுக்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து அந்த இடைவெளியை நிரப்பியிருக்கின்றன. விரல் வெட்டுப்படாத நாளிலும் இவ்வேலைக்கு ஓய்வில்லை. நம் குடலின் உட்பூச்சு ஏறக்குறைய 5 நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. எலும்பு மஜ்ஜையில் வினாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் முடித்தாக வேண்டிய கடமை ஒன்று உண்டு. தன் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட ஏட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படியெடுக்க வேண்டும். தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் சேர்ந்து 600 கோடிக்கு மேற்பட்ட எழுத்திணைகள் அதில் உள்ளன. அந்த இழைகளை அவிழ்த்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். ஓர் ஆளின் உயரத்தை விஞ்சிய அந்நீளம், கண்ணுக்குப் புலப்படாத உட்கருவுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதனைப் படியெடுத்து முடிக்க ஓர் உயிரணு எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 8 மணி.

இதையெல்லாம் எழுதும் நான் அறிவியல் படித்தவள் அல்லள். கல்லூரியில் வரலாறு பயின்று, பெண்கள் மதரஸா ஒன்றில் ஓதிக் கொடுத்துவருபவள். இந்தப் பொருளைத் தேடிப் படிக்க நேர்ந்த காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் அந்த வளையத்தைப் பார்த்துவிடுவோம்.

டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்குப் பாலிமரேஸ் என்று பெயர். எழுத்தைப் பார்த்து இணையெழுத்தைச் சேர்ப்பதில் அது கைதேர்ந்தது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. இழையைப் பற்றிக்கொண்டு நிற்கத் தெரியாது. தனியே விட்டால் சில எழுத்துகளைச் சேர்த்துவிட்டு இழையிலிருந்து நழுவி விழுந்துவிடும். 600 கோடி எழுத்துகளை இப்படி விழுந்து எழுந்து எழுதி முடிக்க இயலுமா?

மக்தபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். எழுத்து தெரியும், கூட்டி ஓதவும் வரும். ஆனால் கண் வரியில் நில்லாது. ஒரு சொல்லை ஓதிவிட்டு இரண்டு வரி கீழே தாவிவிடுவார்கள். அதே பிள்ளையின் கையில் ஓர் ஈர்க்குச்சியைக் கொடுத்து, எழுத்தின் அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே ஓதச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்துவிடும். ஈர்க்குச்சிக்கு ஓதத் தெரியாது. ஓதுகின்ற பிள்ளையை இடம் மாறாமல் நிறுத்தி வைக்க மட்டும் அதற்குத் தெரியும்.

உயிரணுவுக்குள் அந்த ஈர்க்குச்சியின் வேலையைச் செய்யும் புரதத்தைப் பி.சி.என்.ஏ. என்று அழைக்கிறார்கள். ஒரே மாதிரியான மூன்று துண்டுகள், ஒவ்வொன்றிலும் 261 அமினோ அமிலங்கள். மூன்றும் கைகோத்து வட்டமாக நின்று ஒரு வளையமாகின்றன. வளையத்தின் துளை ஏறத்தாழ 3.5 நானோமீட்டர் அகலம். அதன் நடுவே செல்லும் டி.என்.ஏ. இழையின் பருமன் 2 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. மணிக்கட்டில் சற்றே தளர்ந்து கிடக்கும் வளையல் எப்படிக் கழன்றும் விழாமல், இறுக்கியும் பிடிக்காமல் முன்னும் பின்னும் நகருமோ, அப்படி இவ்வளையம் இழையின் மீது நகர்கிறது. பாலிமரேஸ் வளையத்தைப் பற்றிக்கொள்கிறது. எழுதுபவர் நகர நகர வளையமும் உடன் செல்கிறது, விழுவதற்கு வழியில்லை.

மூடிய வளையம் இழைக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்பீர்கள். அதற்கென ஐந்து புரதங்கள் சேர்ந்த ஒரு குழு உண்டு. வளையற்கடைக்காரர் கையைப் பிடித்துப் பதமாக வளையல் ஏற்றுவதுபோல், அக்குழு வளையத்தின் ஓரிணைப்பைத் திறந்து இழையின் மீது மாட்டி மூடிவிடுகிறது. வேலை முடிந்ததும் கழற்றி எடுக்க வேறொரு குழு வருகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டி.என்.ஏ. இரட்டை இழை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. பாலிமரேஸுக்கோ ஒரு திசையில்தான் எழுதத் தெரியும். ஆகையால் ஓர் இழை தொடர்ச்சியாகவும் மற்றோர் இழை துண்டு துண்டாகவும் படியெடுக்கப்படுகின்றன. மனித உயிரணுவில் ஒவ்வொரு துண்டும் 100 முதல் 200 எழுத்துகள் வரை இருக்கும். கோடிக்கணக்கான அத்துண்டுகளைப் பின்னர் ஒட்டித் தைக்க வேண்டும். எழுதும் பாலிமரேஸ், துண்டின் முனையைச் சீர்செய்யும் நொதி, ஒட்டும் நொதி ஆகிய மூன்றும் அதே வளையத்தைப் பற்றியே தத்தம் வேலையை முடிக்கின்றன.

துண்டு துண்டாக எழுதப்படுவதை 1968இல் பாக்டீரியாவில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்கள், ஜப்பானின் நகோயா நகரில் ஆய்வு செய்த ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி என்னும் கணவன் மனைவியர். துண்டுகளுக்கு இன்றும் ஒகசாகி துண்டுகள் என்றே பெயர். ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அவர் பள்ளிச் சிறுவர். அந்தக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுள் ஒருவர். 1975இல், 44ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். டி.என்.ஏ. எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கண்டவரின் டி.என்.ஏ.வே கதிர்வீச்சுக்கு இலக்காகியிருந்தது. சுனெகோ அதன்பின் தனித்து நின்று அவ்வாய்வைத் தொடர்ந்து நடத்தினார். பாடநூல்கள் துண்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. இந்தத் தம்பதியரைப் பற்றி நம் பெண்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

படியெடுப்பதோடு வளையத்தின் பணி முடிவதில்லை. பழுதுபார்க்கும் வேலைக்கும் அதுவே மேடை. எழுத்துப் பிழை நேர்ந்தால் அதைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்கும் புரதங்கள் இவ்வளையத்தோடு சேர்ந்துதான் இயங்குகின்றன. இத்தனை திருத்தங்களுக்கும் பின்னர் எஞ்சும் பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்னும் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கிறது. அச்சுக்கூடத்தில் எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் இந்தக் கணக்கை எட்ட முடியுமா என்று நம் பத்திரிகை ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

வெயிலை எடுத்துக்கொள்வோம். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் தோலில் படும்போது டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. படியெடுத்து வரும் பாலிமரேஸ் அவ்விடத்தில் திகைத்து நின்றுவிடுகிறது. அப்போது வளையத்தின் 164ஆவது அமினோ அமிலத்தில் யுபிகுவிடின் என்னும் சிறு புரதம் ஓர் அடையாளமாக ஒட்டப்படுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு வேறொரு பாலிமரேஸ் வருகிறது. அது அவ்வளவு நேர்த்தியாக எழுதக் கூடியதன்று. ஆனால் ஒட்டிப்போன எழுத்துகளைத் தாண்டிச் செல்லத் தெரிந்தது. தாண்டியதும் ஒதுங்கிக்கொள்ள, பழையவர் மீண்டும் தொடர்கிறார். இந்த அடையாள முறையை 2002இல் ஜெர்மனியில் ஈஸ்டைக் கொண்டு கண்டறிந்தார்கள். அந்த மாற்று எழுத்தர் இல்லாமல் பிறக்கும் மக்களும் உண்டு. வெயில் படும் இடங்களில் அவர்களுக்குத் தோல் புற்றுநோய் மிக எளிதில் வருகிறது.

இத்தகைய வளையம் ஒன்று நம் உடலில் இருப்பது எப்படித் தெரிய வந்தது? வரலாறு படித்தவள் என்பதால் இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதனைத் தேடி யாரும் புறப்படவில்லை. நோயாளிகளின் இரத்தமே அதனைக் காட்டிக் கொடுத்தது.

லூபஸ் என்று ஒரு நோய் உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், உடலின் சொந்த உறுப்புகளையே எதிர்த்துக் கிளம்பும் நோய் அது. பாதிக்கப்படுபவர்களில் 10 பேருக்கு 9 பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதினர் மிகுதி. 1978இல் மியாச்சி, ஃபிரிட்ஸ்லர், டான் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், லூபஸ் நோயாளிகள் சிலரின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரை உயிரணுக்களின் மீது இட்டு, எதிர்ப்பொருள் எங்கே போய் ஒட்டுகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிரிந்து பெருகிக்கொண்டிருந்த உயிரணுக்களின் உட்கரு ஒளிர்ந்தது. ஓய்ந்திருந்தவற்றின் உட்கரு இருண்டே கிடந்தது. பெருகும் செல்லின் உட்கருவில் மட்டும் தென்படும் ஏதோ ஒரு பொருளை இந்நோயாளிகளின் எதிர்ப்பொருள் அடையாளம் கண்டுகொள்கிறது என்று முடிவு செய்தார்கள். பி.சி.என்.ஏ. என்ற நான்கு எழுத்தின் விரிவும் ஏறக்குறைய அதுதான். அப்பொருள் என்ன வேலை செய்கிறது என்பது அப்போது தெரியாது. வளையம் என்பதும் தெரியாது.

அதே காலத்தில் டென்மார்க்கில் பிராவோ, செலிஸ் என்னும் இருவர், பெருகும் உயிரணுக்களில் மிகுந்து காணப்படும் ஒரு புரதத்தைக் கண்டு அதற்கு வேறொரு பெயர் சூட்டியிருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1984இல் வெளியாயிற்று. பாலிமரேஸுக்குத் துணைபுரியும் புரதம் ஒன்றை வேறு சிலர் தனியே பிரித்தெடுத்திருந்தார்கள். அதுவும் இதுவே என 1987இல் தெரிந்தது. மூன்று ஊர்களிலிருந்து வந்த மூன்று பாதைகள் ஒரே வாசலில் கூடின.

வளைய வடிவத்தைக் கண்ணால் காணும்படி செய்ததில் பெரும்பங்கு, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் குரியனின் ஆய்வுக்குழுவுக்கு உரியது. அமெரிக்கா செல்லுமுன் 1977 முதல் 1979 வரை நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றவர் அவர். 1992இல் பாக்டீரியாவின் வளையம், 1994இல் ஈஸ்டின் வளையம், 1996இல் மனிதரின் வளையம் என அடுத்தடுத்து அதன் படிக அமைப்பு வெளிவந்தது. பாக்டீரியாவின் வளையம் இரண்டு துண்டுகளால் ஆனது, நம்முடையது மூன்று. எழுத்து வரிசையிலும் ஒன்றுக்கொன்று பெரிதாய் ஒப்புமை இல்லை. இருந்தும் இரண்டு வளையங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்தவைபோல் தோன்றுகின்றன.

இனி, நான் ஒத்திவைத்த செய்திக்கு வருகிறேன்.

என் தங்கை மகளுக்கு வயது 23. வணிகவியல் முதுகலை முடித்தவள். நிச்சயதார்த்தம் முடிந்த இரண்டாம் மாதத்திலிருந்து கை விரல் மூட்டுகளில் வலி. காலையில் தலைவாரச் சீப்பைப் பிடிக்க முடியாது. வெயிலில் போய் வந்தால் இரு கன்னங்களும் சிவந்து தடிக்கும். முடி கொட்டியது. கண்ணேறு என்றார்கள், கல்யாணக் கவலை என்றார்கள், இரத்தசோகைக்கு மருந்து கொடுத்தார்கள். அரை ஆண்டு கழிந்தபின் மூட்டு வாத நோய் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனையின் அறிக்கை ஒரு மாலையில் தங்கையின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நாள்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த அறிக்கையில் பதினைந்துக்கு மேற்பட்ட பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு எதிரே கழித்தல் குறி. பி.சி.என்.ஏ. என்ற பெயருக்கு எதிரே இரண்டு கூட்டல் குறிகள். வளைகுடாவில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் அந்த நான்கு எழுத்துகளைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ‘செல் பெருகுவதாம், புற்றுநோய்க் கட்டியில் பார்ப்பதாம்’ என்று குடும்பத்தார் அனைவருக்கும் செய்தி அனுப்பிவிட்டான். அன்றிரவு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை.

அவன் படித்தது பொய்யன்று. புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த சதையில் உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதை அறிய இவ்வளையத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பது உண்டு. அதனால் இதன் பெயர் எங்கும் புற்றுநோயின் பெயரோடு சேர்ந்தே காணப்படுகிறது. ஆனால் எங்கள் பிள்ளையின் அறிக்கையில் இருந்தது வளையத்தின் அளவு இல்லை. வளையத்துக்கு எதிராக அவள் இரத்தத்தில் உண்டாகியிருந்த எதிர்ப்பொருள். மறுநாள் மருத்துவர் இதை ஐந்தே நிமிடத்தில் விளக்கிவிட்டார். “புற்றுநோய் இல்லைம்மா, லூபஸ். இந்த ஒரு வரியை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. மூட்டு வலி, கன்னத்துச் சிவப்பு, சிறுநீர், மற்ற இரத்தச் சோதனை எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்” என்றார். இந்த எதிர்ப்பொருள் லூபஸ் நோயாளிகளிலும் நூற்றுக்குச் சிலரிடம் மட்டுமே காணப்படுவது என்றும் சொன்னார்.

சகோதரிகளே, பரிசோதனைத்தாள் கைக்கு வந்த இரவில் தாளை மூடி வைத்துவிட்டு உறங்குங்கள். மருத்துவர் முன்னிலையில் அதைத் திறந்துகொள்ளலாம்.

புற்றுநோய் என்ற அச்சம் நீங்கிய மறுவாரமே வேறொரு பேச்சு தொடங்கிற்று. “நிக்காஹ் முடியட்டும், பிறகு பக்குவமாய்ச் சொல்லிக்கொள்ளலாம்” என்றார் வீட்டின் மூத்தவர் ஒருவர். பலரும் தலையசைத்தார்கள். பிள்ளை என் பக்கம் திரும்பி, “தினம் சாப்பிடுற மாத்திரையை எங்கே பெரியம்மா ஒளிச்சு வைக்கிறது?” என்று கேட்டாள். அதற்கு அந்தச் சபையில் ஒருவரிடமும் பதில் இல்லை. மாப்பிள்ளையின் தாயாரிடம் அவளே தொலைபேசியில் சொன்னாள். அவர்கள் அறிக்கையை வாங்கித் தங்கள் மருத்துவரிடம் காட்டினார்கள். பிறகு நேரில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: பிள்ளை பிறக்குமா?

லூபஸ் தொற்று நோயன்று. நோய் குறைந்தது 6 மாதம் அடங்கியிருந்த பின்னர், மருத்துவரின் கண்காணிப்பில், இந்நோயுள்ள பெண்கள் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்றவற்றைக் கருவுற்ற காலத்திலும் தொடர்வார்கள். மருத்துவர் சொன்ன இதனை அப்படியே அவர்களிடம் சொன்னோம். கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் சிலர் முணுமுணுக்கிறார்கள். அவர்களிடத்தில் நாம் இருந்தால் கால அவகாசம் கேட்க மாட்டோமா என்பது என் எண்ணம்.

ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் நோன்பு மாதம் வந்ததும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா, நோன்பைப் பிறகு வைத்துக்கொள்வதா என்பதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு நினைவூட்டினால் நலம்.

இந்தப் பேச்சுகளுக்கிடையே என் தங்கையைப் புண்படுத்திய சொல் ஒன்றும் வந்தது. அவள் மணந்திருப்பது எங்கள் மாமன் மகனை. ‘சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி’ என்றார்கள். லூபஸ் அவ்வகை நோயன்று. அதில் மரபுக்கும் பங்குண்டு. ஆனால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்ததால் நேர்வது என்று அதைச் சொல்ல முடியாது. நெருங்கிய உறவில் மணப்பதால் கூடுதலாக வரக்கூடிய நோய்கள் வேறு. அதற்கும் இவ்வளையத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவச் சமூகத்தார் வாழ்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்களின் வழித்தோன்றல்கள். பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்பவர்கள். அவர்களில் நான்கு பேருக்கு இருந்த ஒரு விந்தையான நோயைப் பற்றி 2014இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வளர்ச்சி குன்றியிருந்தது, காது கேட்கும் திறன் குறைந்தது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இளமையிலேயே முதுமையின் அறிகுறிகள், நரம்பு மண்டலமும் படிப்படியாய்த் தளர்ந்தது. காரணம், அவர்களுடைய வளையத்தின் 228ஆவது இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஐசோலூசின் அமர்ந்திருந்தது. 261இல் ஒன்றே ஒன்று! படியெடுக்கும் வேலை பெரிதாகக் கெடவில்லை. புறஊதாக் கதிரால் நேரும் பழுதைச் சீர்செய்யும் வேலைதான் தடைப்பட்டிருந்தது.

அந்த நால்வரும் பழுதான பிரதியைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருந்தார்கள். பெற்றோரிடம் ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது. ஆகவே அவர்களுக்கு நோயில்லை. அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. மாமன் மகள், சாச்சா மகன் போன்ற முறையில் மணப்போரின் மரபணுக்களில் சராசரியாக 8இல் 1 பங்கு பொதுவாக இருப்பதால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பொதுவாக நூற்றுக்கு 2 அல்லது 3 ஆக உள்ள பிறவிக் குறைபாடு, இத்தகைய மணங்களில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அப்போதும் நூற்றில் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். உறவில் மணந்த ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்தக் கணக்கு இடம் தரவில்லை. ஆனால் குடும்பத்தில் முன்பே இத்தகைய பிள்ளை பிறந்திருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபியல் ஆலோசகரைப் பார்ப்பதில் வெட்கத்துக்கு ஒன்றும் இல்லை.

தங்கை மகளின் அறிக்கையில் இருந்த மற்ற பெயர்களையும் பின்னர் ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். எஸ்.எம்., ரோ, லா, ஜோ-1 என்று புரியாத ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்கள். அவை ஏதோ வேதியியற் குறியீடுகள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவை மனிதர்களின் பெயர்கள். எந்த நோயாளியின் இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் முதலில் அறியப்பட்டதோ, அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு இட்டுவிட்டார்கள். உலகெங்கும் நாள்தோறும் அச்சாகும் பரிசோதனைத் தாள்களில், அந்நோயாளிகளின் பெயர்கள் அவர்களை அறியாத வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில், ‘எல்லாப் புற்றுநோயையும் அழிக்கும் மாத்திரை வந்துவிட்டது’ என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் பரவியதை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்த மாத்திரை குறி வைப்பதும் இதே வளையத்தைத்தான். புற்று உயிரணுக்களில் இவ்வளையம் சற்றே மாறுபட்ட நிலையில் காணப்படுகிறது என்று கலிபோர்னியாவில் உள்ள சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ ஆய்வு நிலையத்தில் லிண்டா மல்காஸ் என்னும் பெண் ஆய்வாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தார். அந்த மாறுபட்ட வளையத்தை மட்டும் பற்றிக்கொண்டு, நல்ல உயிரணுக்களை விட்டுவிடும் மருந்தை அவருடைய குழு உருவாக்கிற்று. 2022இல் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. முதற்கட்டம் என்பது எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்று பார்ப்பது. நோய் தீர்கிறதா என்பது அதற்குப் பின்னர் வரும் கட்டங்களில் ஆராயப்படுவது. அச்செய்தியை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அதன் பெயரால் யாரேனும் மாத்திரை விற்க வந்தால் வாங்கவும் கூடாது.

அந்த மருந்துக்கு ஏ.ஓ.எச். 1996 என்று பெயர். அந்த மூன்று எழுத்துகளும் ஒரு சிறுமியின் பெயரின் முதலெழுத்துகள். 1996 அவள் பிறந்த ஆண்டு. நரம்பு உயிரணுக்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயால் 2005இல் அவள் இறந்தபோது வயது 9.